ஒரு வாய் தண்ணீர்

அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கரண்டி. அதியமான்கோட்டைப் பக்கம் நெடுஞ்சாலையோரம் புதிதாகத் திறந்திருந்த ஏசி ரெஸ்டாரண்டில், மேசை நடுவே வைத்த சட்டி பிரியாணியைத் தன் அண்ணனுக்கும் தம்பிக்கும் தானே போட வேண்டும் என்று எழுந்து நின்றாள். கறுப்பு ஏப்ரன் கட்டிய பணியாளர் விரைந்து வந்து, “நீங்க உக்காருங்க மேடம், நாங்க சர்வ் பண்றோம்” என்று கரண்டியைப் பதமாக வாங்கிக்கொண்டார். “எங்கூட்டு ஆளுங்களுக்கு நான் போடறனே கண்ணு” என்றாள் அத்தை. அவர் சிரித்தாரே தவிர, கரண்டியைத் திருப்பித் தரவில்லை. மரியாதை தெரிந்த கடை. அத்தை உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அண்ணன் என் அப்பா, தம்பி என் சித்தப்பா. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. சொத்துத் தகராறு என்றால்கூட நாலு பேர் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம். இது பந்தித் தகராறு. சித்தப்பா புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, முதல் பந்தியில் தன் மாமனாரை உட்கார வைத்துவிட்டார். கூடப் பிறந்த அண்ணனுக்கு இரண்டாம் பந்திதானா என்று அப்பா இலையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டில் கை நனைப்பது சின்ன விஷயமில்லை. சண்டை போட்டவர்கள் நல்லது கெட்டதுக்கு வருவார்கள், ஓரமாக நிற்பார்கள், சாப்பிடாமல் போய்விடுவார்கள். சாப்பிட்டுவிட்டால் சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். “எம் வூட்ல கை நனைக்காம போனவரு வூட்ல நான் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்” என்று அன்றைக்குச் சித்தப்பா ஊரறியச் சொன்னார். சொன்னபடியே இருந்தார். இதில் மட்டும் எங்கள் வீட்டு ஆண்கள் சொன்ன சொல் தவற மாட்டார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் அத்தை. மாமா போன பிறகு பென்னாகரத்தில் தனியாக இருந்தாள். பொங்கலுக்குச் சீர் கொண்டு அப்பா காலையில் போவார், சித்தப்பா சாயங்காலம் போவார். ஒருவர் இருக்கும்போது மற்றவர் வண்டிச் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. வைத்தியத்துக்காகச் சேலத்துக்குப் போய் வந்தாள். இனி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. போகும்போதும் வரும்போதும் பஸ் ஜன்னல் வழியாக இந்த ரெஸ்டாரண்டைப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் எனக்கு போன் செய்து, “அது யாரு வூடும் இல்ல பாரு. அங்க கூப்ட்டா ரெண்டு பேரும் வருவாங்க” என்றாள்.

வந்தார்கள். சித்திக்கு உடம்பு சரியில்லை என்று சித்தப்பா தனியாக வந்தார். நான் ஓசூரிலிருந்து வந்து அப்பா, அம்மாவுடன் போயிருந்தேன். ஒரு பக்கம் சோபா, ஒரு பக்கம் நாற்காலி. அத்தை இரண்டு பேரையும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள். விளக்கெல்லாம் மங்கலாக இருந்ததைப் பார்த்துவிட்டு அப்பா, “வோல்டேஜ் கம்மியா?” என்று கேட்டார். சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன் வறுவல் சொல்லும்போது அப்பா மெனு கார்டைப் பார்த்தபடியே, “அவருக்குக் காரம் ஆவாது, ஒண்ணு கம்மியா போட்டுக் கொண்டாங்க” என்றார். தம்பியின் வயிற்றுப்புண் இத்தனை வருடம் கழித்தும் அவருக்கு நினைவிருந்தது. சித்தப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் சாப்பிட்டது இரண்டு வாய்தான் இருக்கும். எனக்கும் அன்றைக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அன்றிரவு எங்கள் வீட்டில்தான் தங்குவேன் என்று அத்தை முன்பே சொல்லியிருந்தாள். கிளம்பும்போது, “தம்பி கார்லயே வரேன்” என்றாள். அவள் போட்ட கணக்கு எனக்குப் புரிந்தது. அவளை இறக்கிவிடவாவது சித்தப்பா எங்கள் வாசலுக்கு வந்தாக வேண்டும். வந்தார். அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கி கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அத்தை அவர் கையை விடவில்லை. “உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போடா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்” என்றாள். அம்மா அதற்குள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

சித்தப்பா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா கேட்டுக்கு உள்ளே நின்று, மாட்டியிருந்த கொக்கியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். “ஒரு வார்த்த கூப்புடுண்ணா” என்றாள் அத்தை. வாடா என்று ஒரு சொல். அதற்காகத்தான் சித்தப்பா நின்றார் என்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன். அப்பா கொக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சித்தப்பா அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். “வேணாங்க அண்ணி. இப்பத்தான வயிறு முட்ட சாப்ட்டோம். தண்ணி குடிக்கக்கூட எடமில்லீங்க.”

யாரும் குறை சொல்ல முடியாத பதில். அத்தை ஏற்பாடு செய்த சாப்பாடே அவருக்குச் சாக்காகக் கிடைத்துவிட்டது. கார் திரும்பிப் போன பிறகும் அத்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்ததும் அப்பா, “அதான் ஒண்ணா உக்காந்து சாப்ட்டமே, இன்னும் என்னவாம்?” என்று பொதுவாகக் கேட்டார். பிறகு எப்போதும் இந்தப் பேச்சை அத்தை எடுத்ததில்லை. அண்ணன் தம்பியைப் பற்றி யாராவது கேட்டால், “நல்லா இருக்காங்க” என்பாள்.

அடுத்த ஆடி வருவதற்குள் அத்தை போய்விட்டாள். இன்றைக்கும் ஓசூரிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தக் கடையைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் நிறுத்த இடமில்லை. குடும்பம் குடும்பமாக வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவர்கள் என்ன செய்வார்கள் பாவம்.

அத்தை இறந்த அன்று பென்னாகரத்து வீட்டு வாசலில் அவளைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். எங்கள் வழக்கத்தில், இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவரும் புதுச்சேலை ஒன்றைப் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். “பொறந்த வூட்டுக் கோடி எங்கீங்க?” என்று சடங்கு செய்தவர் குரல் கொடுத்தார். தலைமாட்டில் நின்றிருந்த அப்பா பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து நீட்டினார். கால்மாட்டில் அழுதுகொண்டிருந்த சித்தப்பாவும் ஒரு சேலையை நீட்டினார். சடங்கு செய்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரே வூடுதானுங்களே?” என்று கேட்டார். இருவரும் நீட்டிய கையை இறக்கவில்லை. இரண்டு சேலையையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்த்தி, அத்தையைத் தூக்கினார்கள்.