வெறுந்தண்ணீரில் எழுந்த மேடு

வேதவல்லி இறந்த செய்தி ஆய்வுக்கூடத்துத் தொலைபேசிக்குத்தான் வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் தம்பி பேசினார். "மேடம், அக்கா காலையில தவறிட்டாங்க. காய்ச்சல்னுதான் படுத்தாங்க." திங்கட்கிழமை கல்லூரிக்கு வருகிறேன் என்றவள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

எண்பத்தொன்பதில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேதியியல் துறையில் சேர்ந்தோம். அவளோடு வேலை செய்த எல்லோருக்கும் அவள் பிடிவாதம் தெரியும். எந்தச் சோதனைக்கும் முன்னால், காய்ச்சி வடித்த நீரில், மின்சாரம் பாய்வதற்காக உப்பை மட்டும் போட்டு, மின்முனையை அதில் இறக்கிப் பார்ப்பாள். தேட வேண்டிய பொருள் அதில் இல்லை. ஆகவே மின்னோட்டத்தைத் தாளில் வரையும் ரெக்கார்டரின் பேனா நேர்கோடுதான் போட வேண்டும். "வெறுந்தண்ணிய முதல்ல கேளுடி. அது வாயத் தொறந்தா நாம மூடிக்கணும்" என்பாள். மணி பன்னிரண்டாகியும் அசல் வேலை தொடங்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கரித்தண்டின் முனையில் வெள்ளியை மிக நுண்ணிய துகள்களாகப் படியவைத்து, கிணற்றுத் தண்ணீரில் கலந்த உரத்தின் நைட்ரேட்டை அளக்கும் மின்முனை ஒன்றை அவள் செய்தாள். நானோ என்ற சொல் அப்போது எங்கள் கல்லூரிக்கே வந்திருக்கவில்லை. "பொடியிலும் பொடி" என்றுதான் சொல்வாள். நைட்ரேட் இருந்தால் கோட்டில் சின்ன மேடு ஒன்று எழும். பல வருட உழைப்பு அது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்ட அன்று துறை முழுவதற்கும் போண்டா வாங்கிக் கொடுத்தாள்.

அந்த மார்கழியில் ஆருத்ரா தரிசனம் முடிந்து, மலைத்தீபக் கொப்பரையின் கரியில் குழைத்த மையைக் கோயிலிலிருந்து கொண்டுவந்தாள். எங்கள் எல்லோர் நெற்றியிலும் இட்டுவிட்டு, கை கழுவாமல் மின்முனையைத் துடைத்துத் தண்ணீரில் இறக்கினாள். வெறுந்தண்ணீரில் மேடு எழுந்தது. "அறிவிருக்கா? விரல் பூரா மை!" என்று நான் கத்தினேன். அவளும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கழுவி இறக்கியதும் கோடு நேரானது.

மை தீர்ந்து, மாசியும் வந்துவிட்டது. ஒரு நாள் பட்டப்பகலில் மேடு மறுபடி எழுந்தது. கண்ணாடிக் கலத்தை மாற்றினாள், உப்பை மாற்றினாள், புது மின்முனையே செய்தாள். எழுந்தது. அதே கலத்தில், அதே மின்முனையை நான் இறக்கினால் நேர்கோடு. அவள் இறக்கினால் மேடு. கையுறை போட்டுக்கொண்டு இறக்கியபோதும் அப்படித்தான். "தண்ணி என்னைக் கண்டா மட்டும் பேசுதுடி" என்று சிரித்தாள். அவள் கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினேன்.

அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையை அவள் திரும்பப் பெற்றாள். "யாராவது வந்ததைத் திருப்புவாங்களாம்மா? ப்ரொமோஷன் போயிடும்" என்று முதல்வர் கத்தினார். வேதா சொன்னாள்: "எனக்கு மட்டும் வந்தா அது ஆராய்ச்சி இல்ல சார், அருள்வாக்கு." பதவி உயர்வு போயே போய்விட்டது. பிறகு நானோ என்ற பெயரில் இதே வேலையை ஊரெல்லாம் செய்து பேர் வாங்கியது. வேறொருவர் கையில் அந்த மேடு ஒரே ஒரு முறை எழுந்துவிடாதா என்று கடைசி வரை எங்களை மாற்றி மாற்றி உட்காரவைத்தாள். பாவி, அது ஒன்றைத்தான் கேட்டாள்.

காரியம் முடிந்து திரும்பியதும் அவள் மேசையை ஒழிக்கச் சொன்னார்கள். மின்முனையைப் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வெறுந்தண்ணீரில் இறக்கினேன். வெளியே செங்கம் சாலையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பேனா நேராக நகர்ந்தது, மெல்ல ஏறியது, இறங்கியது. எனக்கு வந்துவிட்டது.

"வேதா, வந்துடுச்சுடி!" என்று வாய்விட்டே கூவிவிட்டேன். குரல் கேட்டு வந்த பக்கத்து அறைப் பேராசிரியரை உட்காரவைத்தேன். அவருக்கு நேர்கோடு. மாணவர்களை உட்காரவைத்தேன். நேர்கோடு. நான் இறக்கினால் மேடு.

பயமாகத்தான் இருக்கிறது. அவள் போனபின் அவளிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இது ஒன்றுதான். இதை நான் யாரிடம் நிரூபிக்க?