அவர் சாப்பிட்ட கடைகளில் இரண்டு நாள்

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா என் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இட்லி சாப்பிடலாம்மா" என்றார். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். இரண்டு நாளாக வெறும் குளுக்கோஸ்தான். இட்லி என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு எச்சில் ஊறியது.

கட்டிலருகே நின்ற என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கம்பத்துல ஒரு சின்ன வேலை இருக்கு. ஒரு எட்டுப் போயிட்டு, பன்னெண்டு மணிக்கெல்லாம் இட்லியோட வந்துர்றேன்."

"மொதல்ல ரெண்டு இட்லி வாங்கிக் குடுத்துட்டுப் போங்களேன். எதுத்தாப்புலதான கடை இருக்கு" என்றேன்.

"பஸ்ஸு போயிரும்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். அன்று சனிக்கிழமை.

பன்னிரண்டு ஆனது. இரண்டு ஆனது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு அவள் புருஷன் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தான். எனக்கும் ஒரு டம்ளர் தரட்டுமா என்று அவள் கண்ணாலேயே கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். நர்ஸ் வந்து கேட்டபோதும் "இப்ப வந்துருவாக" என்றேன். புருஷன் சோறு வாங்கித் தராமல் போய்விட்டான் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

ஐந்து மணிக்கு வந்தார். கையில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் வந்து குனிந்தபோது பட்டையும் கிராம்பும் நெய்யும் கலந்த வாசம் அடித்தது. பல்லிடுக்கில் குச்சி.

"பசிச்சுச்சா? நர்ஸ்ட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

தையல் போட்ட வயிற்றை வைத்துக்கொண்டு கத்த முடியாது. ஆனால் அந்த வாசத்தை நன்றாக இழுத்து மூச்சுக்குள் வைத்துக்கொண்டேன், எந்தக் காலத்திலும் மறந்துவிடக் கூடாது என்று.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஓடைப்பட்டியில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவாகத் திராட்சைத் தோட்டம். ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்து இரண்டு குடும்பம் இருந்தோம். சனிக்கிழமை வந்தால் அண்ணனும் தம்பியும் குளித்து, சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் கம்பத்துக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு மதியம் திரும்பி வந்து, நான் வைத்த குழம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னென்ன சாப்பிட்டோம் என்று ஒப்பிப்பார் என் வீட்டுக்காரர். ராவுத்தர் கடைப் பிரியாணி, மலையாளத்தம்மா வீட்டு ஆப்பம், சேட்டு கடை ஜிலேபி. "மனுசன் திங்கிற சாப்பாடு அது" என்பார். ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னதற்கு, "பொம்பளைக வந்து உக்கார்ற எடமா அது?" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆஸ்பத்திரிக் கதையைக் கொழுந்தனின் மனைவியிடம், என் ஓரகத்தியிடம் மட்டும் சொன்னேன். என்னைவிட ஏழு வயது சின்னவள், கம்பத்தில் படித்தவள்.

"அன்னைக்கு இவுகளும்தான் கூடப் போனாக. எங்கிட்ட, மதினிக்குச் சாப்பாடு குடுக்கப் போறோம்னு சொல்லிட்டுல்ல போனாக" என்றாள்.

பிறகு, "அக்கா, நாமளும் போவோமா?" என்றாள்.

உடனே போக முடியவில்லை. மூன்று மாதம் எடை தூக்கக் கூடாது, பஸ் ஏறக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த மூன்று மாதமும் சனிக்கிழமைகள் வந்துகொண்டுதான் இருந்தன. நான் கணக்காக நாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஆண்டிபட்டிக்கு என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ஒரு சனி, ஞாயிறு பழம் வெட்டு வந்தது. லாரி வரும், எடை போட வேண்டும், அண்ணன் தம்பி இரண்டு பேரும் தோட்டத்தை விட்டு நகர முடியாது. வெட்டுக்கு வருகிறவர்கள் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்துவிடுவார்கள். பட்டினி கிடக்கப் போவது இரண்டே பேர்தான். அந்தச் சனிக்கிழமை காலை அடுப்பைப் பற்றவைக்காமல், கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுச் சின்னமனூர் பஸ் ஏறினோம்.

கம்பத்தில் இறங்கியதும் எனக்குத் திசையே தெரியவில்லை. ஓரகத்திதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். பெரிய ரோட்டை விட்டு உள்ளே நுழைந்தால் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய தெருக்கள். ஏலக்காய் மூட்டை அடுக்கிய கிட்டங்கியைத் தாண்டும்போது தெருவே மணந்தது. பச்சை பெயின்ட் அடித்த வீடுகளின் வாசலில் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கறிவேப்பிலை பேரம் பேசினார்கள். அடுத்த வளைவில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் சண்டை போட்டார்கள். எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறி, யாரைத் தேடுகிறோம் என்று விசாரித்தார்கள். மலையாளத்தில் எழுதிய போர்டு ஒன்றை ஓரகத்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள்: தையல் கடை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்தபோது நாங்கள் பிரியாணிக் கடை வாசலில் நின்றோம்.

உள்ளே ஒரு பெண் கூட இல்லை. திரைபோட்ட தனி அறைக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். நான் நேரே கல்லாவுக்குப் போனேன். அங்கே வெள்ளைத் தாடி வைத்த ராவுத்தர் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஓடைப்பட்டியிலருந்து சனிக்கெழமை சனிக்கெழமை ரெண்டு பேரு வருவாகளே, திராட்சைத் தோட்டக்காரவுக. அவுக எந்த மேசையில உக்காருவாக?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம தம்பிகளா! அந்தா, சன்னலோரம். அது அவங்க எடம். நீங்க யாரு, சொந்தமா?"

"தெரிஞ்சவுகதான்" என்று சொல்லி அந்த மேசையிலேயே உட்கார்ந்தோம்.

பிரியாணி வந்தது. சீரகச் சம்பா அரிசி, கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. பதினோரு வருஷமாக இதைத் தனியாகத் தின்றிருக்கிறார். இரண்டாவது தட்டு வாங்கினேன்.

ராவுத்தர் எங்கள் மேசைக்கே வந்து விசாரித்தார். பேச்சு தானாக அவரிடமிருந்தே வந்தது.

"பெரிய தம்பி பாவம்மா. வீட்டுல சரியில்ல போல. சம்சாரத்துக்குக் கை ருசியே கெடையாதாம். ரசம் வச்சாக் கூடக் கழனித்தண்ணி மாதிரி இருக்குமாம். இங்கன வந்து உக்காந்தாத்தான் நாக்குக்கு உசுரு வருதும்பாரு."

ஓரகத்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நான் எச்சில் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"அந்த ரசம் வச்ச கை இதுதாண்ணே."

ராவுத்தர் ஒரு அடி பின்வாங்கினார். நான் விடவில்லை. மாசியில் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் தேனி பஸ்ஸில் இங்கே வந்தாரா என்று கேட்டேன். ராவுத்தர் யோசித்தார். வந்தார்கள், பெரிய தம்பி இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, மூன்றரை மணி வரை கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார், தனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றார். நான் தேனி ஆஸ்பத்திரியைச் சொன்னேன். கட்டிலைச் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததைச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்களும் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

"பொஞ்சாதி ஆஸ்பத்திரியில கெடக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா" என்றார் ராவுத்தர். "சொல்லியிருந்தா நானே கஞ்சி காச்சி ஆள்ட்டக் குடுத்து விட்டிருப்பேனே."

கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து அவர் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்து முழுக் கதையையும் மறுபடி கேட்டார். கேட்டு முடித்ததும் என் தலையைத் தடவிவிட்டு, புருஷனை ஒரு பார்வை பார்த்தார், அவர்தான் தப்புச் செய்த மாதிரி. எங்களைத் தன் வீட்டு முற்றத்துக்குக் கூட்டிப்போய்ப் பாலில்லாத சுலைமானி டீயில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். சாயங்காலம் சேட்டு கடையில் ஜிலேபி தின்றோம், நன்னாரி சர்பத் குடித்தோம். அங்கேயும் சொன்னேன். சேட்டுக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆஸ்பத்திரியும் இட்லியும் நன்றாகவே புரிந்தன.

அன்று ஓரகத்தியின் பள்ளித் தோழி வீட்டில் தங்கினோம். நான் குழந்தை மாதிரித் தூங்கினேன்.

ஞாயிறு காலை ஆப்பம் சாப்பிடப் போனோம். மலையாளத்தம்மா வீட்டின் முன்பக்கத்தில் நான்கு மேசை போட்டு நடத்துகிறவர். சுவரில் மாதா படம், கீழே சிவப்பு விளக்கு. மாதா கோவிலுக்குப் போய் வந்த வெள்ளைச் சேலையோடு ஆப்பச் சட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நான் மறைக்கவில்லை. யாருடைய மனைவி என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"ஐயோ சேச்சி!" என்று கரண்டியைப் போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வயிறு சொகமாயோ? சேச்சிக்கு ஒண்ணும் சாப்பிட ஒக்காதுன்னு அவரு எப்பவும் பறயும். அதான் பார்சல் வேண்டாம்னு சொல்லும். ஆனா கிறிஸ்துமசுக்கு ஒரு குப்பி வைன் சேச்சிக்குன்னு தனியா கொடுத்து விடுவேனே. நிங்கள் தோட்டத்துப் பழம்தானே? பிடிச்சுதோ?"

எங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சையை வருஷா வருஷம் ஒரு கூடை இங்கே கொடுத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். அதில் வைன் போட்டு எனக்கென்று ஒரு பாட்டில் வந்திருக்கிறது. அந்தப் பாட்டிலின் மூடியைக் கூட நான் கண்டதில்லை. அந்தப் பழத்துக்குக் கவாத்து வெட்டியதும், கொடியைக் கட்டியதும், குலையில் சொத்தைப் பழம் கிள்ளியதும் நான். மருந்தடித்த வாடையில் இருமியதும் நான்.

"கெடைக்கலம்மா" என்றேன். "ஒரு வருசமும் கெடைக்கல."

அவர் எதுவும் கேட்காமல் உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தார். எனக்கும் ஓரகத்திக்கும் சின்னக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். நான் அதுவரை அப்படி ஒன்றைத் தொட்டதே இல்லை. இனிப்பும் துவர்ப்புமாக இறங்கி, நெஞ்சில் சூடாக நின்றது. இரண்டாவது டம்ளரை நானே ஊற்றிக்கொண்டேன். பிறகு ஆப்பத்தைப் பிய்த்துத் தேங்காய்ப்பாலில் தோய்த்துத் தின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. மலையாளத்தம்மா சிரிக்கவில்லை. "வரட்டும் அவன்" என்றார். அதுவரை 'அவர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியம் ஊர் திரும்பினோம். வெட்டு முடிந்து அண்ணனும் தம்பியும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்துப் பழத்தையே தின்று இரண்டு பேருக்கும் வயிறு ஊதியிருந்தது.

"எங்கடி போன?"

"கம்பத்துக்கு. ஒரு சின்ன வேலை இருந்துச்சு."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் அடுத்த சனிக்கிழமை வரும்வரை இருப்புக் கொள்ளவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் வழக்கம்போல் கிளம்பிப் போனார்கள். ஒரு மணிக்கே வண்டிச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போய் உள்ளே வந்து ஒரு பொட்டலத்தைத் தரையில் வைத்தார். என்ன நடந்தது என்பதைக் கொழுந்தன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கடையில் கால் வைத்ததுமே ராவுத்தர் பொட்டலத்தை நீட்டிவிட்டார். "தங்கச்சிக்குக் கட்டி வச்சிருக்கேன். சூடு ஆறுறதுக்குள்ள கொண்டு போய்க் குடுங்க. நீங்க அப்புறமா வந்து சாப்புடலாம்." சன்னலோர மேசையில் வேறு யாரோ இருந்தார்கள், ஒருவரும் எழவில்லை. சேட்டு ஜிலேபியைத் தாளில் கட்டிக்கொண்டே, "ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டாராம். மலையாளத்தம்மா வீட்டில் கதவையே திறக்கவில்லை.

"என்னடி சொன்ன அங்கன?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நடந்ததைச் சொன்னேன்."

பொட்டலத்தைப் பிரித்தேன். அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். நிதானமாக ஒவ்வொரு கவளமாகச் சாப்பிட்டேன். எலும்பைக் கடித்து உறிஞ்சினேன். கடைசிப் பருக்கை வரை தின்றுவிட்டு இலையை மடித்துக்கொண்டு எழுந்தேன். அவர் தலை குனிந்தே இருந்தது. பாவமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

கம்பம் அவருக்கு அதோடு முடிந்தது. ஒரு மாதம் கழித்துச் சின்னமனூரில் ஒரு புரோட்டாக் கடையைப் பிடித்தார். நானும் ஓரகத்தியும் அந்தக் கடைக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு, நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு அவர் வீட்டிலேயே சாப்பிட்டார். ரசத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

போன வருஷம் என் மூத்த மகள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு, "அப்பாவை அப்பவே மன்னிச்சுட்டீகள்லம்மா?" என்று கேட்டாள். அவர் அடுத்த அறையில்தான் இருந்தார். பேப்பர் புரளும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"இல்ல" என்றேன், அந்த அறைக்கும் கேட்கிற மாதிரி.