ஐஸைக் கழுவிய கை

2023 ஜூன் 18 — ரூ. 500
2024 பிப்ரவரி 4 — ரூ. 1,000
2024 நவம்பர் 24 — ரூ. 2,500
2025 ஆகஸ்ட் 24 — ரூ. 2,500 (திருப்பியது)

முதல் மூன்றும் ஊரூர் ஒல்காட் குப்பத்து மீன்காரப் பெண்கள் சங்கம் தவறு செய்தவர்களிடம் வாங்கிய அபராதம். மூன்றாவதைக் கட்டிய ரோஸி, கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டிவாக்கத்துக்குப் போய்விட்டாள். அதன் பிறகு சங்கத்தில் தவறே நடக்கவில்லை. நடந்ததாக யாரும் வாய் திறக்கவில்லை என்பதே சரி.

ஆகஸ்ட் 20 அன்று சங்கம் அனுப்பிய கானாங்கெளுத்தியைத் தின்ற அடையாறு விடுதிப் பெண்கள் ஒன்பது பேருக்கு முகம் சிவந்து தடித்தது. மறுநாள் தேறிவிட்டார்கள். ஆனால் விடுதியிலிருந்து கடிதம் வந்தது: என்ன நடந்தது என்று எழுதுங்கள், இல்லையென்றால் புகார் கொடுப்போம்.

அந்த மீன் பெட்டியைக் கட்டியது யார் என்று சங்கத்துக்குத் தெரியாது. வசந்திக்குத் தெரியும். கடற்கரையில் ஐஸ் ஒட்டிய மீனைக் கண்டால் வாங்க வருபவர்கள் 'பழசு' என்று நகர்ந்துவிடுவார்கள். அதனால் ஐஸைக் கழுவி, ஈரச்சாக்கு போடுவது அவளுக்குக் கைப்பழக்கம். விடுதிப் பெட்டிக்கும் அதையே செய்தாள். ஆட்டோ வெயிலில் சிக்கி நின்றதில் ஐஸ் இல்லாத மீன் கெட்டுவிட்டது.

புரட்டாசி வேறு வரப்போகிறது. கடற்கரை வியாபாரம் படுத்துவிடும். விடுதியும் போனால் சங்கத்துப் பன்னிரண்டு பேர் வீட்டு அடுப்பும் அணையும். தன்னைக் குப்பத்தில் நடமாட விடுவார்களா? மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தலைவி முத்துமாரி சொன்னாள்: "இந்தத் தபா ஃபைன் கெடையாது. ரோஸிய தொரத்திட்டு இன்னாடி கத்துக்கினோம்? வாய மூடிக்கத்தான் கத்துக்கினோம்."

"உன் வாய மூட ஃபைன் பத்தாது யக்கா, திண்டுக்கல் பூட்டுதான் வோணும்" என்றாள் வேலம்மா. எல்லோரும் சிரித்தார்கள். வசந்தி மட்டும் எழுந்து நின்றாள்.

"நான்தான் யக்கா. ஐஸ கழுவிட்டேன்."

சிரிப்பு நின்றது. யாராவது மயிரைப் பிடிப்பார்கள் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"நான் இன்னிக்கி காலைல கூடக் கழுவுனேனே" என்றாள் வேலம்மா மெதுவாக.

"நானும்."

"யாருதான் கழுவல?"

வசந்திக்கு நிம்மதி வரவில்லை. தன் ஒருத்தி கை என்றுதானே பயந்தாள்? பன்னிரண்டு பேர் கையும் ஐஸைக் கழுவுகிற கை என்றால், ஒன்பது முகம் என்றைக்கு வேண்டுமானாலும் தொண்ணூறு ஆகியிருக்கலாம்.

அன்றே முடிவானது: பெட்டியை ஐஸோடு பூட்டி அனுப்புவது, கடற்கரையிலும் மீனுக்கு அடியில் ஐஸ் போட்டு, ஏன் என்று வாங்குபவரிடம் சொல்வது. ரோஸிக்குப் பணம் திரும்பிப் போனது. வாங்கிக்கொண்டாள், ஆனால் சங்கத்துக்குத் திரும்பி வரவில்லை. விடுதிக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, வசந்தி முதல் கையெழுத்துப் போட்டாள்.

"இத்த வச்சே கேஸ் போட்டா?" என்றாள் ஒருத்தி. முத்துமாரி கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினாள்.

அதன் பிறகு சந்தில் வண்டிச் சத்தம் கேட்டாலே போலீஸோ என்று வசந்தி கதவைச் சாத்தினாள். பதில் வந்தபோது பிரிக்கக் கை வரவில்லை, வேலம்மாதான் படித்தாள். பூட்டிய பெட்டியை விடுதிச் சமையலறையிலேயே திறப்பதானால் மீண்டும் வாங்குகிறோம் என்று எழுதியிருந்தார்கள். வசந்தி இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

அந்தப் பதில் கடிதம் வந்தது 2025 செப்டம்பர் 8, திங்கட்கிழமை.