மாதா சுரூபத்தின் அழுகை

நேற்று ஃபாரஸ்ட் கேட் கோயிலில் தவக்கால வழக்கப்படி சுரூபங்களை ஊதாத் துணியால் மூடினோம். பெட்டியில் கிடந்த துணியின் புழுங்கிய வாசம் என்னை ஏழு வயதுக்குக் கொண்டுபோனது.

அப்போது அந்தக் கோயிலில் தமிழர் எங்கள் குடும்பம் மட்டும்தான். நாங்கள் வந்து அமர்ந்தால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அந்த நீள வாங்கை விட்டு எழுந்துபோய்விடுவார். ஒரு வெள்ளி மாலை, சிலுவைப்பாதைச் செபத்தின் நடுவில் கரண்ட் நின்றது. மூடிய மாதா சுரூபத்தின் பக்கமிருந்து விம்மல் கேட்டது. ஒருவரும் அசையவில்லை.

"அம்மா, மாதா அழுகிறா. போகாதேங்கோ."

"ஆரோ மனிசர்தான் பிள்ளை. நான் பாத்திட்டு வாறன்."

அம்மாவின் காலடி இருட்டுக்குள் போய் நின்றது. விம்மலும் நின்றது. நான் வாங்கின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

வெளிச்சம் வந்தபோது அந்தக் கிழவர் ஊதாத் துணியில் முகம் புதைத்து நின்றார். அவர் கையை அம்மா பிடித்திருந்தார்.

"இவரின்ர மனிசி போன கிழமை செத்துப்போனாவாம்," என்றார் அம்மா.

அடுத்த ஞாயிறு அவர் எங்கள் வாங்கில் இருக்கலாமா என்று கேட்டார். அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் அவர் எனக்கும் கை நீட்டினார். அது பனிக்கட்டிபோல் குளிர்ந்தது. பயந்துகொண்டேதான் பிடித்தேன். நேற்று நினைத்தபோதும் என் விரல்கள் விறைத்தன.