எனக்காகப் பேசிய அக்கா

இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் தமிழ்ப் பெண்களுக்காக ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க வருபவர் அந்த அக்காதான். வாய் திறக்குமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைப்பார். எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழி, நான் வேலைசெய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் ஏவல்களை விளங்கிக்கொள்ள மட்டும் போதும்.

"மூண்டாவது பிள்ளை வேண்டாம், கலைக்கப்போறன் எண்டு டாக்டரிட்ட சொல்லுங்கோ அக்கா," என்றேன்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பேசினார். டாக்டர் எழுந்து என் கையைக் குலுக்கி, "அவுகூரி!" என்றார். சிஞ்ஞோராவின் பிறந்தநாளுக்கு எல்லாரும் சொல்லும் வாழ்த்து அது.

வெளியே வந்ததும், "என்ன அக்கா சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"பெறப்போறாய் எண்டு சொல்லிப்போட்டன். கலைச்சா பிறகு இருந்து அழுவாய், பிள்ளை."

மறுநாள் தனியாகப் போய், வயிற்றைத் தொட்டு, "நோ" என்றேன். டாக்டருக்கு விளங்கிவிட்டது.

இப்போதும் பல்லரோச் சந்தையில் என்னைக் கண்டால் அக்கா கண்ணாடியைக் கழற்றுவார். துடைத்து முடிக்குமுன் நான் போய்விடுவேன்.