கைப்பிடியில் தொங்கிய பை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலையில் சேர்ந்த ஆறாம் வருடமே மேலும் கீழும் போய்வந்து அலுத்துவிட்டது. "ஒரு தடவையாவது நேரா எங்கயாவது போகணும்" என்று புலம்புவார். டெலிபோன் ஆபரேட்டரான மனைவி அதையே பிடித்துக்கொண்டார். கல்யாணமான இரண்டாம் வருடம் இருவரும் பன்னிரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினார்கள்.

பழைய ரெயின்கோட்டை வெட்டி மனைவி ஒரு பை தைத்திருந்தார். மூடியின் மேல் கண்ணாடி பேப்பர், அதற்கடியில் வரைபடம்; குனிந்து பார்த்தால் வழி தெரியும். உள்ளே கேமரா, பிஸ்கட், பஞ்சர் ஒட்டும் சாமான். அதைத் தன் சைக்கிள் கைப்பிடியில்தான் மாட்ட வேண்டும் என்று அடம்பிடித்தார்.

"வழிய உங்க கையில குடுத்தா நாம போய்ச் சேர்ந்த மாதிரிதான்!"

இரண்டு பெல்ட்டால் மெக்கானிக்கே அதை இறுக்கிக் கட்டினார்.

மூன்றாம் நாள் காலை, வழியில் வாங்கிய ஆப்பிள்களையும் மனைவி அதற்குள் திணித்துக்கொண்டார். நீண்ட இறக்கம் ஒன்று வந்தது. முன்னால் போன மனைவியின் குரல் திடீரென்று கேட்டது.

"பிரேக் பிடிக்கலைங்க!"

கனத்துச் சரிந்த பை முன்பிரேக் கேபிளை மடக்கியிருந்தது. பின்பிரேக் மட்டும் அந்த வேகத்துக்குப் போதவில்லை. மனைவி சாலையோரத்து வீட்டுத் தோட்டத்துக்குள் சைக்கிளைத் திருப்பினார். கொடியில் காய்ந்த போர்வையைச் சுருட்டிக்கொண்டு புல்லில் விழுந்தார். ஆப்பிள்கள் நாலாபக்கமும் உருண்டன.

மெக்கானிக் தன் சைக்கிளை அப்படியே போட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் போர்வை குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று பதறி விலக்கினார். மனைவி சிரித்துக்கொண்டிருந்தார். முழங்கையில் மட்டும் சிராய்ப்பு.

அந்த வீட்டுக்காரர் ஒரு தச்சர். காயத்துக்கு மருந்து கொண்டுவந்தவர் கேட்டார்: "சார் என்ன வேலை பாக்கறீங்க?"

மெக்கானிக் ஆப்பிள்களைப் பொறுக்கக் குனிந்தார். மனைவிதான் சொன்னார்: "லிஃப்டுக்கெல்லாம் பிரேக் சரியா இருக்கான்னு பாக்கறவர்."

தச்சர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு தனிக்கதை. ஆனாலும் பட்டறையைத் திறந்துவிட்டார். இருவருமாக உட்கார்ந்து, கேபிளில் படாமல் பை தள்ளி நிற்க ஒரு மரச்சட்டம் செய்தார்கள். கிளம்பும்போது மெக்கானிக் மெல்லக் கேட்டார்: "என்மேல கோபமே வரலையா?"

"போர்வைக்குள்ள இருந்தப்ப வந்துச்சு. வெளிய வந்து உங்க மூஞ்சியப் பாத்தேன், போயிடுச்சு."

அதன்பின் பதினெட்டு கோடைகள் சேர்ந்து போனார்கள். பத்தொன்பதாம் வருடம் மெக்கானிக்கின் முழங்கால் கைவிரித்தது. "அவ்வளவுதான், விடு" என்றார். மனைவி விடவில்லை.

"நீங்க பஸ்ஸில முன்னாடி போய் ரூம் போடுங்க. நான் சைக்கிள்ல வர்றேன்."

அப்படியும் நாலு கோடை ஓடியது. மெக்கானிக் மதியமே அடுத்த ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். அறையில் இருப்புக் கொள்ளாது. தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து சாலையையே பார்த்திருப்பார். அதைப்போல நீளமான மதியங்களை அவர் வேறெப்போதும் கண்டதில்லை. ஆனால் வயதாகிவிட்ட இப்போது, பழையதில் ஒரு நாள் திரும்பக் கிடைக்கும் என்றால் அவர் கேட்பது அப்படியொரு மதியத்தைத்தான். தூரத்தில் சைக்கிள் ஒன்று தெரியும். நெருங்க நெருங்க அது அவளாகும். வந்ததும் பையைத் திறந்து, வழியில் அவருக்கென்று எடுத்ததை நீட்டுவாள்: ஒரு நாள் கூழாங்கல், ஒரு நாள் பாதி கடித்த கொய்யா.

"நல்லா இருந்துச்சு. அதான் மீதி வெச்சேன்."