ஆஃப் பண்ணியாச்சு

அந்தச் சலவைக் கம்பெனியின் எலக்ட்ரீஷியனுக்கு இந்த உலகத்தில் இரண்டே விரோதிகள். ஒன்று, ‘ஆச்சு’ என்ற சொல். இன்னொன்று, அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் சூப்பர்வைசர். அந்த ஆளே மனைவியின் தம்பியாகவும் வாய்த்தது, விதி தன் வேலையில் காட்டிய கூடுதல் அக்கறை.

‘மெயின் ஆஃப் பண்ணியாச்சு’ என்பார்கள். இந்த வாக்கியத்தில் மெயின் இருக்கிறது, ஆஃப் இருக்கிறது, பண்ணிய ஆள் மட்டும் தலைமறைவு. முன்பு வேலை பார்த்த இடத்தில் இதை நம்பிக் கம்பியில் கைவைத்த கூட்டாளி, இப்போது இடது கையால் தேநீர் குடிக்கிறார். அன்று முதல் எங்கே ‘ஆச்சு’ காதில் விழுந்தாலும் எலக்ட்ரீஷியன், “யாரு?” என்பார். அதுவே பட்டப்பெயராகவும் ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் விடுவதில்லை. ‘பால் பொங்கிப்போச்சு’ என்று மனைவி சொன்னால், “பொங்கவிட்டது யாரு?” என்பார். மனைவி கரண்டியைக் காட்டிப் பதில் சொல்வார்.

அன்று மூன்றாம் நம்பர் டிரையர் படுத்துவிட்டது. இருநூறு ஆஸ்பத்திரி விரிப்புகள் சொட்டச் சொட்டக் குவிந்து கிடந்தன. துணி காயவைக்கும் அந்த டிரையர்கள் நாலும் மாடியில். அவற்றின் மெயின் சுவிட்சுகள் கீழே, படிக்கட்டுக்குப் பின்னால், ஓர் இருட்டறையில். எலக்ட்ரீஷியன் வழக்கம்போல, சுவிட்சை இறக்கிப் பூட்டும் பூட்டையும் ‘தொடாதே’ அட்டையையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கப் போனார். மைத்துனர் மூச்சிரைக்கப் படியேறி வந்து மறித்தார்.

“நீங்க பூட்டு, சாவின்னு ஊர்வலம் போயிட்டு வர்றதுக்குள்ள லாரி வந்து நிக்கும். பெட்டியைத் திறங்க மாமா. ஆஃப் பண்ணியாச்சு.”

“யாரு?”

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“கேப்பீங்கன்னு தெரியும். நான்தான். நானே போயி, என் கையால ஆஃப் பண்ணேன். போதுமா? இல்ல, எழுதிக் குடுக்கணுமா?”

எலக்ட்ரீஷியனுக்குக் கண் கலங்காத குறை. கல்யாணமான இந்தப் பதினெட்டு வருடத்தில், மைத்துனர் ஒரு காரியத்தைத் தான் செய்ததாக ஒப்புக்கொள்வது இதுவே முதல் தடவை. வாக்கியத்துக்கு எழுவாய் கிடைத்துவிட்டது! உரிய மரியாதையோடு டிரையரின் கரண்ட் பெட்டி மூடியைக் கழற்றினார். கையும் உள்ளே போகப் பார்த்தது. அப்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது: மைத்துனர் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. அப்படியென்றால் எங்கோ தப்பு நடந்திருக்க வேண்டும்.

பாசமுள்ள குடும்பமாக இருந்திருந்தால் ஆள் அங்கேயே முடிந்திருப்பார். பதினெட்டு வருடம் ஊட்டி வளர்த்த வெறுப்பு, ரப்பர் கையுறையைவிடத் தடிமனானது. கையை இழுத்துக்கொண்டு டெஸ்டரை எடுத்தார். அதையும் நம்பாமல், முதலில் சுவரிலிருந்த பிளக்கில் வைத்துப் பார்த்தார், எரிந்தது. பிறகு பெட்டிக்குள் வைத்தார். அங்கேயும் எரிந்தது, வெட்கமே இல்லாமல்.

“எதை ஆஃப் பண்ணீங்க, சார்?” ஆத்திரம் வந்தால் மட்டுமே அவர் மைத்துனரைச் சார் என்பார்.

“மூணை.”

“எந்தப் பக்கத்துலேர்ந்து மூணு?”

“கதவுப் பக்கத்துலேர்ந்துதான். அங்க பல்பு எரியல, நம்பர் தெரியல. எண்ணிப் பாத்துப் பண்ணேன்.”

“நம்பர் அந்தக் கோடியிலேர்ந்துய்யா ஆரம்பிக்குது!”

அதற்குள் இரண்டாம் நம்பர் டிரையரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் இடுப்பில் கைவைத்து வந்து நின்றார். “நல்லா ஓடிக்கிட்டிருந்த என் மெஷினை எவன் நிறுத்தினது? அஞ்சு நிமிஷமா கத்துறேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல!”

மைத்துனரின் முகம் ஈர விரிப்பின் நிறத்துக்கு வந்தது. ஆனாலும் வாய் மட்டும் காயவில்லை. “நான் ஆஃப் பண்ணேன்னு சொன்னது நிஜந்தானே, மாமா?”

“நிஜந்தான் மச்சான். அந்த நிஜத்தை நம்பித்தான் கையை விடப் பாத்தேன். உங்கக்கா கிட்டப் போயி என்ன சொல்லியிருப்பே? ‘மாமா போயாச்சு’ன்னா?”

யாரும் சிரிக்கவில்லை.

எலக்ட்ரீஷியன் டார்ச்சோடு கீழே போய் நம்பரைப் படித்துப் பார்த்தார். மூன்றாம் சுவிட்சை இறக்கி, பூட்டி, அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மேலே வந்து மறுபடி டெஸ்டர் வைத்தார். எரியவில்லை. டெஸ்டர் செத்துவிட்டதோ என்று மறுபடி பிளக்கில் வைத்தார், உயிரோடுதான் இருந்தது. அப்புறம்தான் கைவைத்தார். மைத்துனர் பக்கத்திலேயே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

சாயங்காலம் முதலாளியின் மேசைக்கு மைத்துனரின் புகார் ஒன்று போனது. அதில் இருட்டறை இல்லை, கதவுப் பக்கம் இல்லை, இரண்டாம் நம்பரும் இல்லை. ‘மின்பணியாளர் மேலதிகாரியின் சொல்லை நம்பாமல் சோதித்துக்கொண்டிருந்ததால் நாற்பது நிமிடம் வேலை தாமதம்’ என்று மட்டும் இருந்தது.

“இதுக்கு என்ன சொல்றே?” என்றார் முதலாளி.

எலக்ட்ரீஷியன் நிதானமாகப் படித்தார். “ஒரே ஒரு தப்புதாங்க. நான் கீழ போயிப் பூட்டின அஞ்சு நிமிஷத்தை விட்டுட்டாரு” என்று பேனாவை வாங்கி, நாற்பதை அடித்து நாற்பத்தைந்து என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.